11 இரவும் பிப்பியும்

என் மகளுக்கு ஆறரை வயது. படக்கதைப் புத்தகங்களை ஒரே இரவில் மூன்று, நான்கு என்று முடித்துவிட்டு, "எல்லாம் டக்குனு முடிஞ்சிடுதுப்பா, நாளைக்கும் மிச்சம் இருக்கற மாதிரி ஒரு கதை வேணும்" என்றாள். அப்படித்தான் 'பிப்பி லாங்ஸ்டாக்கிங்' எங்கள் கட்டிலுக்கு வந்தது. ஸ்வீடன் எழுத்தாளர் அஸ்ட்ரிட் லிண்ட்கிரென் எழுதி 1945இல் வெளியான சிறுவர் நாவல். என்னிடம் இருப்பது ஃப்ளோரன்ஸ் லாம்போர்ன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு. மொத்தம் 11 அத்தியாயங்கள். ஒரு இரவுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டோம். பக்கத்தில் ஆங்கிலம், வாயில் தமிழ். வரியைக் கண்ணால் பார்த்து அப்படியே தமிழில் சொல்லிக்கொண்டு போனேன்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்குங்கள். ஆனால் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். நான் முதலில் தனியாக ஒரு மதியம் மனதுக்குள் படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, அங்கங்கே புன்னகை வந்தது. அதே பக்கங்களை அவள் என் இடது கையில் தலை வைத்துப் படுத்திருக்க, வாய்விட்டு வாசித்தபோதுதான் அது வேறு புத்தகம் என்று தெரிந்தது.

பிப்பிக்கு ஒன்பது வயது. கேரட் நிறத் தலைமுடி, இரண்டு பக்கமும் விறைத்து நிற்கும் சடை. ஒரு காலுறை ஒரு நிறம், மற்றது வேறு நிறம். பாதத்தைப் போல இரண்டு மடங்கு நீளமான ஷூ. ஊர் எல்லையில் வில்லா வில்லெகுல்லா என்ற பழைய வீட்டில், மிஸ்டர் நில்சன் என்ற குரங்கோடும் ஒரு குதிரையோடும் குடியிருக்கிறாள். குதிரைக்குத் தாழ்வாரத்தில் இடம். பெட்டி நிறையத் தங்கக் காசு. குதிரையையே தூக்கி இறக்கும் பலம். அம்மா இறந்துவிட்டாள், கப்பல் தலைவரான அப்பா புயலில் கடலுக்குள் போய்விட்டார். பக்கத்து வீட்டில் டாமி, அன்னிகா என்று அண்ணனும் தங்கையும், நன்றாக வளர்க்கப்பட்ட பிள்ளைகள். கதை இவ்வளவுதான். ஒவ்வொரு அத்தியாயமும் தனியாக ஒரு கூத்து. நேற்று எங்கே விட்டோம் என்று தேட வேண்டிய தொல்லையே இல்லை. இடையில் ஒரு நாள் காய்ச்சலில் விட்டுப்போனபோதும் கதை அறுந்துபோகவில்லை.

இந்தக் கதை பிறந்த விதமே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். 1941இல் லிண்ட்கிரெனின் மகள் கரினுக்கு ஏழு வயது. நிமோனியா வந்து படுக்கையில் கிடந்தவள், பிப்பி என்ற பெயரைத் தானே அந்த நிமிடத்தில் உண்டாக்கி, அவளைப் பற்றிக் கதை சொல்லு என்று அம்மாவைக் கேட்டாள். பெயர் விசித்திரமாக இருந்ததால் பெண்ணும் விசித்திரமாக வந்தாள். வருஷக்கணக்கில் வாய்க்கதையாகவே ஓடியது. 1944 மார்ச்சில் லிண்ட்கிரென் பனியில் வழுக்கி விழுந்து கணுக்கால் சுளுக்கிப் படுத்தபோதுதான் சுருக்கெழுத்தில் எழுதத் தொடங்கினார். மே மாதம் கரினின் பத்தாவது பிறந்தநாளுக்குக் கையெழுத்துப் பிரதியைப் பரிசாகக் கொடுத்தார். முதலில் அனுப்பிய பதிப்பகம் வேண்டாம் என்று திருப்பிவிட்டது. திருத்தி எழுதி, அடுத்த வருஷம் ராபேன் அண்ட் ஷோக்ரென் பதிப்பகத்தின் போட்டிக்கு அனுப்ப, முதல் பரிசு கிடைத்தது.

ஆக, அச்சுக்குப் போவதற்கு முன் சுமார் மூன்று வருஷம் ஒரு குழந்தையின் காதில் ஓடித் தேய்ந்து வந்த கதை இது. வாசிக்கும்போது அது நாக்குக்குத் தெரிகிறது. வர்ணனை மிகக் குறைவு. பேச்சுதான் எல்லாம். மூச்சு முட்டுகிற நீள வாக்கியம் எங்கும் இல்லை. எங்கே குழந்தை குறுக்கே கேள்வி கேட்குமோ அங்கே டாமியோ அன்னிகாவோ அதே கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள்.

சிரிப்பு எங்கே இருக்கிறது என்று முதல் இரவிலேயே பிடிபட்டது. பிப்பி அப்பம் சுட மூன்று முட்டைகளை மேலே எறிகிறாள். ஒன்று அவள் தலையிலேயே விழுந்து உடைந்து கண்ணுக்குள் வழிகிறது. அவள் கொஞ்சமும் அசராமல், முட்டைக்கரு தலைமுடிக்கு நல்லது, பிரேசிலில் எல்லோரும் தலையில் முட்டையோடுதான் நடமாடுகிறார்கள் என்று விளக்கம் சொல்கிறாள். இதை நான் செய்தி வாசிப்பது போலச் சாதாரணமாக வாசித்தேன். என் மகள் சிரிக்கவில்லை. கண்ணை என் முகத்தில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். அடுத்து, அங்கே ஒரு கிழவர் முட்டையைத் தலையில் தேய்க்காமல் தின்றுவிட்டதால் வழுக்கையாகிவிட்டார், அவர் தெருவில் தலைகாட்டினால் கூட்டத்தை அடக்கப் போலீஸ் வர வேண்டியிருந்தது என்று வருகிறது. அந்த இடத்தில் அவள் விருட்டென்று எழுந்து உட்கார்ந்து, "பொய்! பொய் சொல்றாப்பா அவ!" என்று கத்தினாள். அப்புறம்தான் சிரிப்பு. அடக்கவே முடியாத சிரிப்பு.

அந்த இடைவெளியில்தான் விஷயம் இருக்கிறது. குழந்தை முதலில் நம்புகிறது, பிறகு சந்தேகப்படுகிறது, பிறகு தானாகவே பிடித்துவிடுகிறது. யாரும் சொல்லித்தராமல் ஒரு பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் அந்தச் சிரிப்பில் இருக்கிறது. வாசிக்கிறவர் அதைக் கெடுக்காமல் இருக்க வேண்டும். அதே இரவில் நான் ஒரு தவறு செய்தேன். எகிப்தில் எல்லோரும் பின்பக்கமாகத்தான் நடப்பார்கள் என்று பிப்பி சொல்லும் இடம் வருவதற்கு முன்பே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்து, எதற்கு என்று புரியாமல் தானும் கொஞ்சம் சிரித்து வைத்தாள். அந்த நகைச்சுவை அவளுக்குக் கிடைக்காமலே போயிற்று. இரண்டாம் நாளிலிருந்து குரலை மாற்றாமல், கண் சிமிட்டாமல் வாசித்து, வரி முடிந்ததும் நிறுத்தப் பழகிக்கொண்டேன். நிறுத்தினால் போதும். இரண்டு விநாடியோ ஐந்து விநாடியோ, அவளுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு.

ஒலிப்புத்தகம் போதாதா என்று கேட்பார்கள். காரில் போகும்போது பிப்பியின் ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். படித்தவர் அருமையாகப் படித்திருந்தார், குறையே சொல்ல முடியாது. ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே குரல் அடுத்த இரண்டு வரியைத் தாண்டிப் போய்விடுகிறது. அவளுக்காக அது காத்திருக்காது. பத்து நிமிடத்தில், "இத நிறுத்துப்பா, ராத்திரி நீயே படி" என்றாள்.

தமிழில் சொல்லும்போது எனக்கு வந்த பெரிய சிக்கல் சொற்களே இல்லை, 'நீ'யா 'நீங்க'ளா என்பதுதான். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல். தமிழில் வாயைத் திறந்தாலே முடிவெடுத்தாக வேண்டும். மூன்றாவது அத்தியாயத்தில், பிப்பியைக் குழந்தைகள் இல்லத்துக்குக் கொண்டுபோக இரண்டு போலீஸ்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் துரத்த, அவள் ஓடிப்பிடித்து விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு கூரை மேலே ஏறிவிடுகிறாள். அங்கே அவள் பேச்சுக்கு என் வாயில் 'நீ' வந்தது. மகள் மூச்சை இழுத்துப் பிடித்தாள். "போலீஸ் மாமாவ நீன்னு சொல்றா!" பிப்பி எப்படிப்பட்டவள் என்பதை அந்த ஓர் எழுத்து சொல்லிவிட்டது. அப்படிச் சொல்வதில் திமிர் இல்லை, அவளுக்கு எல்லோரும் ஒன்று. அதுவும் என் மகளுக்குப் புரிந்தது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் இது தப்பில்லையா என்று அவள் கேட்கவில்லை. அடுத்த நாள் ஆசிரியை வந்தார். மரியாதை கருதி 'நீங்க' என்று ஒரு வரி சொல்லிப் பார்த்தேன். "அப்பா, அவ அப்படி சொல்லமாட்டா" என்று உடனே திருத்தினாள். சரி என்று ஆசிரியைக்கும் 'நீ' ஆயிற்று.

அந்தப் பள்ளிக்கூட அத்தியாயத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. டாமிக்கும் அன்னிகாவுக்கும் கிறிஸ்துமஸ் விடுமுறை வரும், பள்ளிக்கே போகாத தனக்கு மட்டும் விடுமுறை கிடையாது, இது அநியாயம் என்று சொல்லித்தான் பிப்பி பள்ளிக்குக் கிளம்புகிறாள். ஆசிரியை 7-ஐயும் 5-ஐயும் கூட்டினால் எவ்வளவு என்று கேட்கிறார். என் மகள் பிப்பியை முந்திக்கொண்டு "பன்னெண்டு!" என்றாள், ரொம்பப் பெருமையாக. பிப்பியோ, உனக்கே தெரியாது என்றால் நான் சொல்லித்தருவேன் என்று எதிர்பார்க்காதே என்கிற மாதிரி பதில் சொல்கிறாள். ஆசிரியையே 12 என்று விடையைச் சொன்னதும், தெரிந்துகொண்டே எதற்குக் கேட்டாய் என்று கேட்கிறாள். அன்றைக்கு இடைவெளி நீளமாக இருந்தது. எண்ணிப் பார்த்தது போல நான்கு விநாடி இருக்கும். அவள் தன் பள்ளியில் தினமும் பதில் சொல்லும் கேள்விகளை எல்லாம் அப்போது நினைத்துப் பார்த்தாள் போலிருந்தது. பிறகு வந்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்து அவள் அம்மா எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். மறுநாள் காலை நான், "இன்னொரு ஷூ எங்கடா கண்ணு?" என்று கேட்டதற்கு, "உனக்குத் தெரியாதுன்னா எங்கிட்ட ஏன் கேக்கற?" என்று பதில் வந்தது. ஷூவைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டுதான் கேட்டாள்.

பெருக்கல் வாய்ப்பாடு என்ற சொல்லை பிப்பி தப்பாக உச்சரிக்கும் இடமும் இந்தப் புத்தகத்தில் உண்டு. தமிழில் 'பொறுக்கல் வாய்ப்பாடு' என்று வைத்தேன். நன்றாகவே பொருந்தியது, ஏனென்றால் இரண்டாவது அத்தியாயத்தில் தெருவெல்லாம் கிடக்கும் பொருட்களைத் தேடிப் பொறுக்குவதுதான் தன் வேலை என்று பிப்பி கிளம்பியிருந்தாள். அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் ஒரு புதுச்சொல் உண்டு. நான் 'கண்டெடுப்புக்காரி' என்றேன். என் மகளின் சட்டைப் பையில் இப்போது எப்போதும் ஒரு பாட்டில் மூடி, ஒரு உடைந்த கிளிப், ஒரு திருகாணி இருக்கிறது. பிப்பியின் முழுப்பெயரில் ஜன்னல் திரையெல்லாம் வருவதைக் கேட்டுவிட்டு, தன் பெயரையும் நோட்டுப் புத்தகத்தில் நான்கு வரிக்கு நீட்டி எழுதிவிட்டாள். நடுவில் 'ரப்பர்பேண்ட்' வருகிறது.

குறைகளுக்கு வருகிறேன். 1945இன் பார்வை சில இடங்களில் அப்படியே நிற்கிறது. காங்கோவில் ஒருவர்கூட உண்மை பேசுவதில்லை என்று பிப்பி ஓரிடத்தில் சொல்கிறாள். அது பிப்பியின் வழக்கமான புளுகுகளில் ஒன்றுதான், பிரேசில் முட்டை மாதிரி. இருந்தாலும் ஒரு நாட்டு மக்களைப் பொய்யர்கள் என்று சொல்வது தலையில் முட்டை தேய்ப்பது போல இல்லை. வாசிக்கும்போது எனக்கு நாக்கு தயங்கியது. நாட்டின் பெயரை எடுத்துவிட்டு, "நான் போன ஒரு தீவுல" என்று மாற்றிக்கொண்டேன். அப்பா ஒரு தீவில் ராஜாவாகிவிட்டார் என்ற பேச்சும் அப்படித்தான். ஸ்வீடிஷ் மூலத்தில் கறுப்பின மக்களைக் குறிக்க அக்காலத்தில் புழங்கிய, இன்று புண்படுத்துகிற ஒரு சொல் இருந்தது. 2015 ஸ்வீடிஷ் பதிப்பில் அதை எடுத்துவிட்டு 'தென்கடல் ராஜா' என்று வைத்தார்கள். என்னிடம் உள்ள ஆங்கிலப் பிரதியில் மனிதர்களைத் தின்கிறவர்களின் ராஜா என்று இருக்கிறது. நான் ஸ்வீடன்காரர்கள் காட்டிய வழியிலேயே தென்கடல் ராஜா என்று வாசித்தேன். கதைக்கு எந்த நஷ்டமும் இல்லை. வாங்குகிறவர்கள் ஒவ்வொரு அத்தியாயத்தையும் முந்தைய நாளே ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. வாசித்துக்கொண்டே மாற்றினால் தடுமாற்றம் குரலில் தெரிந்துவிடும், குழந்தை எப்படியும் கண்டுபிடித்துவிடும்.

காட்டில் ஒரு காளானைப் பிடுங்கிக் கடித்துப் பார்க்கும் இடமும் உண்டு. அங்கே நிறுத்தி, "இத மட்டும் நாம பண்ணவே கூடாது" என்று சொன்னேன். "எனக்குத் தெரியும்பா, அவ பிப்பி" என்றாள். கடைசி அத்தியாயத்தில் துப்பாக்கி வெடிக்கிறது, அதுவும் துப்பாக்கியைக் குழந்தைகள் தொடக்கூடாது என்று பிப்பியே உபதேசம் செய்துவிட்டு. பிடிக்காத பெற்றோர் இருப்பார்கள், அவர்கள் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். என் வீட்டில் அது பிரச்சினையாகவில்லை.

திருடர்கள் வரும் அத்தியாயத்தை அவள் அம்மா வாசித்தாள், எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. அவள் பிப்பிக்கு வேறு ஒரு மெல்லிய குரல் வைத்திருக்கிறாள். அடுத்த நாள் நான் அந்தக் குரலில் வாசிக்க வேண்டும் என்று மகள் கேட்க, முயன்று பார்த்து, வேண்டாம் என்று விட்டுவிட்டோம். சர்க்கஸும் தீ விபத்தும் வேகமாகப் போகும் அத்தியாயங்கள். நன்றாக இருந்தன, ஆனால் பலத்தைக் காட்டும் பிப்பியைவிடப் புளுகும் பிப்பியைத்தான் அவளுக்குப் பிடிக்கிறது, எனக்கும்.

ஒன்பதாவது இரவைப் பற்றித்தான் அதிகம் சொல்ல ஆசை. டாமியின் அம்மா சில பெண்களைக் காப்பி விருந்துக்கு அழைத்திருக்கிறார். பிப்பிக்கும் அழைப்பு. நன்றாக நடந்துகொள்ள வேண்டுமே என்ற பயத்தோடு, நகத்துக்கும் உதட்டுக்கும் சிவப்புப் பூசிக்கொண்டு அவள் வருகிறாள். வந்து கிரீம் கேக்கை முழுசாகத் தின்று தீர்க்கிறாள். சர்க்கரையைத் தரையில் கொட்டுகிறாள். பெண்கள் தங்கள் வீட்டு வேலைக்காரர்களைப் பற்றிக் குறை பேசும்போது, தன் பாட்டி வீட்டு வேலைக்காரி மாலின் என்று ஆரம்பித்துக் குறுக்கே கதை அளந்துகொண்டே இருக்கிறாள். எங்கள் கட்டில் குலுங்குகிற அளவுக்குச் சிரிப்பு. மாலின் என்ற பெயர் வந்தாலே அவள் காலை உதைத்தாள்.

பிறகு டாமியின் அம்மாவுக்குப் பொறுமை போய்விடுகிறது. இப்படி நடந்துகொண்டால் இனி நீ இங்கே வரவே கூடாது என்கிறார். பிப்பி திகைத்துப் பார்க்கிறாள். கண்ணில் மெதுவாக நீர் நிறைகிறது. ஒழுங்காக நடந்துகொள்ள முடியாமல் போய்விடுமோ என்று பயந்தேன், அதே மாதிரி ஆகிவிட்டது என்கிறாள். அந்த வாக்கியத்தின் கடைசியில் என் வாயில் தானாக 'ங்க' வந்துவிட்டது. யோசித்துச் செய்யவில்லை. ஒன்பது இரவாக யாருக்கும் நிலைக்காத 'ங்க'.

மகள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இப்ப நீங்கன்னு சொல்றாப்பா" என்றாள் மெதுவாக. நான் ஆமாம் என்று மட்டும் சொன்னேன். "அந்த இடத்த மறுபடி படி." படித்தேன். மூன்றாவது தடவையும் படிக்கச் சொன்னாள். அதற்கப்புறம் அவள் கேட்ட கேள்வி முதல் இரவைச் சேர்ந்தது. உன்னை யார் தூங்கப் போகச் சொல்வார்கள் என்று அன்னிகா கேட்க, நானேதான் சொல்லிக்கொள்வேன், முதலில் அன்பாக, கேட்காவிட்டால் கண்டிப்பாக என்று பிப்பி பதில் சொல்லும் இடம். அன்றைக்கு அதற்கு விழுந்து விழுந்து சிரித்தவள் இவள்தான். இப்போது, "இன்னிக்கு வீட்டுக்குப் போனா அவகிட்ட யாரு அன்பா சொல்லுவா?" என்றாள். நான் பதில் தேடுவதற்குள், "குரங்கு இருக்குல்ல" என்று தானே சொல்லிக்கொண்டாள். அந்த அத்தியாயம் அழுகையில் முடியவில்லை. வெளியே போன பிப்பி தெருவில் நின்று மாலின் கதையை இன்னும் கத்திக்கொண்டே இருக்கிறாள். லிண்ட்கிரெனின் அளவு அப்படி. அழவிட்ட கையோடு சிரிக்க வைத்துத் தூங்க அனுப்பிவிடுகிறார். அன்று விளக்கை அணைத்தபின் இருட்டில் என் காதருகே "மாலின்" என்று ஒரு சின்னக் குரல் கேட்டது. அப்புறம் சிரிப்பு, அப்புறம் தூக்கம்.

இனி வாங்குவதற்கு வேண்டிய சில விவரங்கள். ஐந்து வயதுக்குக் கீழே வேண்டாம் என்பேன். எது நடக்கும், எது நடக்காது என்று ஓரளவு தெரிந்த பிள்ளைக்குத்தான் புளுகு பிடிபடும். என் தங்கை மகனுக்கு மூன்றரை வயது. அவன் எகிப்தில் பின்பக்கமாக நடக்கிறார்கள் என்பதை அப்படியே நம்பி, தலையாட்டிவிட்டு எழுந்து போய்விட்டான். மேல் வரம்பு எட்டு, ஒன்பது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வயதில் தாங்களே படித்துக்கொள்வார்கள், ஆனாலும் படித்துக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். ஒரு அத்தியாயம் நிதானமாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தால் எங்களுக்கு அரை மணி ஆயிற்று. என் பதிப்பில் லூயிஸ் கிளான்ஸ்மேன் வரைந்த கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படங்கள். படத்துக்காக வாங்குவதானால், மூலப் பதிப்புக்கு இங்கிரிட் வாங் நீமன் வரைந்த படங்கள் உள்ள பிரதியாகத் தேடுங்கள். அவர் வரைந்த பிப்பியின் சடைகள்தான் சடைகள். இதற்கடுத்து 1946இலும் 1948இலும் வந்த இரண்டு பிப்பி நாவல்களும் உண்டு. அவற்றையும் வாங்கி வைத்துவிட்டேன்.

இன்னும் பிரிக்கவில்லை. முதல் புத்தகமே இரண்டாவது சுற்று ஓடிக்கொண்டிருக்கிறது, அவள் கேட்டதுதான். நேற்று நான்காவது அத்தியாயம். இந்தத் தடவை பக்கத்து வீட்டுச் சிநேகிதி ஒருத்தியும் எங்கள் கட்டிலில் இருந்தாள், கதை தெரியாதவள். ஆசிரியை 7-ஐயும் 5-ஐயும் கூட்டச் சொன்னதும் சிநேகிதி "பன்னெண்டு!" என்றாள். நான் அடுத்த வரிக்கு வாயைத் திறக்க, என் மகள் கையை நீட்டி என் வாயைப் பொத்திக்கொண்டாள். சிநேகிதியின் முகத்தையே பார்த்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி, மனதுக்குள் எதையோ எண்ணினாள். பிறகு கையை எடுத்து, "இப்ப படி" என்றாள்.